ஜங்கர்ஸ் எஃப் 13: 1:24 மாதிரிக்கு நெளிதகட்டுத் தோல் செய்த வேலைக் குறிப்பு

1:24 அளவில் ஜங்கர்ஸ் எஃப் 13 விமானத்தின் மாதிரி செய்ய உட்கார்ந்தால் வேலையில் முக்கால் பங்கு தகட்டில் பள்ளம் கீறுவதுதான். எஞ்சின், சக்கரம், இருக்கை எல்லாம் சேர்ந்து மீதிக் கால் பங்கு. இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளாதவர்கள் வழவழப்பான தகட்டை ஒட்டி, மேலே பேனாவால் கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலே அது எஃப் 13 இல்லை என்று தெரிந்துவிடும். இந்த விமானத்தின் முகமே அந்த நெளிவுதான்.

எஃப் 13 முதலில் பறந்தது 1919 ஜூன் 25, ஜெர்மனியின் டெசாவ் நகரில். வடிவமைத்தவர் ஓட்டோ ராய்டர், நிறுவனம் ஹூகோ ஜங்கர்ஸுடையது. அந்த வருடம் ஐரோப்பாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தவற்றில் பெரும்பாலானவை மரச்சட்டமும் துணியுமாக, போருக்குச் செய்து பிறகு மாற்றியமைக்கப்பட்டவை. பிப்ரவரியில் பெர்லினுக்கும் வைமாருக்கும் இடையே ஓடத் தொடங்கிய சேவையிலும், ஆகஸ்டில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே தொடங்கிய சேவையிலும் பறந்தவை அந்த ரகம்தான். எஃப் 13 முழுக்க உலோகம். இறக்கையைத் தாங்க வெளியே ஒரு கம்பியோ முட்டுக்கட்டையோ கிடையாது. மூடிய அறையில் நான்கு பயணிகள், அவர்களுக்கு இருக்கைப் பட்டை உண்டு. விமானி இருவரும் மட்டும் வெளிக்காற்றில்.

எந்த எஃப் 13?

வரைபடம் எடுக்கும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். 1919 முதல் 1932 வரை 300-க்கும் அதிகமான எஃப் 13-கள் செய்யப்பட்டன. எஞ்சின், மூக்கு, வால் எல்லாம் இடையிடையே மாறிக்கொண்டே வந்தன. முதலில் பறந்த விமானத்தின் இறக்கை, பின்னால் வந்தவற்றைவிடக் குட்டை. கிடைக்கும் வரைபடங்கள் பலவற்றில் இறக்கை ஒரு வருடத்துடையதாகவும் வால் இன்னொரு வருடத்துடையதாகவும் கலந்திருக்கும். ஒரே ஒரு விமானத்தின் புகைப்படங்கள் நாலைந்து தேடி எடுத்துக்கொண்டு, வரைபடத்தை அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் பாதுகாப்பு.

இங்கே எடுத்துக்கொண்டது பி.எம்.டபிள்யூ 3ஏ எஞ்சின் பொருத்திய 1920-களின் தொடக்கக் காலத்து வடிவம். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், நீரால் குளிரூட்டுவது, 185 குதிரைத்திறன். ரேடியேட்டர் பழைய கார்களைப் போல மூக்கின் முகப்பிலேயே இருக்கும். நீண்ட இறக்கை 17.75 மீட்டர், நீளம் 9.6 மீட்டர். 1:24-இல் இறக்கை 740 மி.மீ., நீளம் சரியாக 400 மி.மீ. அலமாரியில் வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்து பார்த்துவிடுங்கள். அதற்காகத்தான் இறக்கை கழற்றக்கூடியதாகச் செய்யப்பட்டது. அசலிலும் அது கழற்றக்கூடியதுதான்.

நெளிவு எந்தத் திசையில், ஏன்

நெளிவின் மேடு பள்ளங்கள் மூக்கிலிருந்து வாலை நோக்கி ஓடுகின்றன. இறக்கையிலும் அப்படித்தான், உடற்கூட்டிலும் அப்படித்தான். இறக்கையின் நீளவாக்கில் ஓடுவதில்லை. இதை மாற்றிப் போட்ட மாதிரிகளும் உண்டு.

இந்தத் திசைக்குக் காரணம் இருக்கிறது. காற்று ஓடும் திசையிலேயே பள்ளம் ஓடினால் இழுவை பெரிதாகக் கூடாது என்பது அன்றைய கணக்கு. (கணக்கு முழுக்கச் சரியாக வரவில்லை. இறக்கைமேல் காற்று எல்லா இடத்திலும் நேராக ஓடுவதில்லை, பள்ளங்களால் மேற்பரப்பும் கூடுகிறது.) இன்னொரு பக்கம், இப்படிப் போட்ட தகடு இறக்கையின் நீளவாக்கில் துருத்திபோல விரியும், சுருங்கும். அதனால் இறக்கை மேல்நோக்கி வளையும் சுமையை அது தாங்காது. அந்தச் சுமையைத் தாங்க உள்ளே ஒன்பது டியூராலுமின் (அலுமினியக் கலவை) குழாய்கள் ஓடின. தோல் முக்கியமாகத் தாங்கியது முறுக்கத்தை. மெல்லிய தகடு தட்டையாக இருந்தால் சிறு அழுத்தத்துக்கே குழிந்துவிடும். நெளித்துவிட்டால் அதே தகடு விறைத்து நிற்கும். வீட்டுக் கூரைக்குத் தகரத்தை நெளிப்பதும் இதற்காகத்தான்.

மாதிரி செய்பவருக்கு இதில் ஒரு லாபம், ஒரு நட்டம். தகடு வெயிலில் விரிந்தாலும் துருத்தி அதை உள்வாங்கிக்கொள்வதால் ஒட்டு விட்டுப் போவதில்லை, அது லாபம். இறக்கையின் முன்விளிம்பை வளைப்பது நெளிவின் விறைத்த திசைக்கு எதிரான வேலை, அது நட்டம். அதைப் பிறகு பார்க்கலாம்.

தகடு

ஆஃப்செட் அச்சகத்தில் பயன்படுத்தி ஒதுக்கிய பிளேட், 0.15 மி.மீ. தடிமன். ஏறக்குறைய தூய அலுமினியம். பழைய பிளேட் எடைக்கணக்கில் கிடைக்கும். வாங்கும்போது மைக்ரோமீட்டரை வைத்துப் பாருங்கள். 0.3 மி.மீ. பிளேட்டும் அதே அடுக்கில் கிடக்கும், அது இந்த வேலைக்கு உதவாது. 510 × 400 மி.மீ. பிளேட் நான்கு போதும்: இறக்கைக்கு இரண்டு, உடற்கூட்டுக்கும் வாலுக்கும் ஒன்று, கெட்டுப்போவதற்கு ஒன்று.

அச்சுப் பக்கத்தில் பூச்சும் சொரசொரப்பும் இருக்கும். அதை உள்பக்கமாகவும், வெறுமையான பின்பக்கத்தை வெளியாகவும் வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். உள்பக்கப் பூச்சை அசிட்டோனால் துடைத்து எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் பசை பூச்சைப் பிடிக்குமே தவிர உலோகத்தைப் பிடிக்காது. அசிட்டோன் வேலையும் அடுத்து வரும் தீ வேலையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வேண்டாம்.

பிளேட்டை அப்படியே நெளித்தால் மேட்டில் மயிர்க்கோடு விழும். முதலில் தீயில் வாட்டி இளக்க வேண்டும். துணி துவைக்கும் சோப்புக் கட்டியை ஈரமாக்கித் தகட்டின்மேல் ஒரு கோடு தேயுங்கள். அடியிலிருந்து சிறு தீயை ஆட்டிக்கொண்டே காட்டினால் சோப்பு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். கறுக்கத் தொடங்கியதும் தீயை எடுத்துவிட வேண்டும். இவ்வளவு மெல்லிய தகட்டில் சோப்பு கறுத்ததற்கும் தகடு உருகித் துளை விழுவதற்கும் இடையே சில நொடிகள்தான். அலுமினியம் உருகும் முன் இரும்பைப்போலச் சிவக்காது, கண்ணுக்கு எச்சரிக்கையே கிடைக்காது. முழுப் பிளேட்டையும் ஒரே தடவையில் வாட்டாமல், துண்டு துண்டாக வெட்டிய பிறகு வாட்டினால் சூடு சீராகப் பரவும்.

அசல் விமானத்தின் டியூராலுமின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது சுமார் 4 விழுக்காடு செம்பும், கொஞ்சம் மக்னீசியமும் மாங்கனீசும் சேர்ந்த கலவை. ஆல்ஃபிரட் வில்ம் கண்டுபிடித்தது. அதைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்ததும் இளகித்தான் இருக்கும், பிறகு சும்மா வைத்திருந்தாலே சில நாட்களில் தானாக இறுகும். வளைக்க வேண்டிய வேலையை அந்த இடைவெளியில் முடித்துவிட வேண்டும். ஜங்கர்ஸின் முதல் முழு உலோக விமானம், 1915-இல் செய்தது, இரும்புத் தகட்டால் ஆனது. கனத்தைப் பார்த்து அதற்குத் ‘தகரக் கழுதை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டியூராலுமினுக்கு மாறிய பிறகுதான் கழுதை குதிரையானது. மாதிரிக்கு அசல் கலவைதான் வேண்டும் என்று விமானத் தர அலுமினியத் தகட்டைத் தேடிப் போகாதீர்கள். இந்தத் தடிமனில், இந்த வளைவில் அது விரிசல் விடும்.

நெளிவு அச்சு

1.2 மி.மீ. டிக் வெல்டிங் கம்பி, எவர்சில்வர், ஒரு மீட்டர் நீளமுள்ளவை 21. சுருளாக வரும் மிக் கம்பி வேண்டாம், அதை நேராக்கவே நாள் போய்விடும். ஒவ்வொரு கம்பியையும் 160 மி.மீ. அளவில் ஆறு துண்டாக வெட்டினால் 126 துண்டு. 6 மி.மீ. இரும்புத் தகட்டின்மேல் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, அடியில் மெல்லப் பூசிய எபாக்சியில் உட்காரவைக்க வேண்டும். எபாக்சி கம்பிகளுக்கு இடையே மேலே பிதுங்கினால் பள்ளம் நிரம்பி அச்சு வீண். முதல் அச்சு அப்படித்தான் வீணானது. 0.2 மி.மீ.க்கு மேல் பசை கூடாது. ரப்பர் உருளையால் பரப்பிவிட்டுக் கம்பியை வையுங்கள்.

கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதால் நெளிவின் இடைவெளி தானாகவே 1.2 மி.மீ. ஆகிவிடுகிறது, பிழை சேர்ந்துகொண்டே போகாது. அசல் அளவில் இது 29 மி.மீ. உங்கள் வரைபடத்தில் வேறு இடைவெளி வந்தால் அதற்கேற்ற கம்பி எடுங்கள். புகைப்படத்தில் அளவு தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மேடுகளை எண்ணிப் பார்த்தால் இடைவெளி கிடைத்துவிடும்.

கீறுவதற்கு 0.8 மி.மீ. கம்பி ஒன்றின் முனையை உருட்டி மழுக்கி, பின்வைஸில் (மெல்லிய கம்பியைப் பிடிக்கும் சிறு கைப்பிடி) பிடித்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில் முனையும் முதல் சுற்றுக்குப் போதும்.

கீறுவது

இங்கேதான் முதல் மூன்று தகடுகள் கிழிந்தன. தகட்டின் இரண்டு ஓரத்தையும் டேப் ஒட்டிக் கீறியதுதான் காரணம். நெளியும்போது தகடு அகலத்தில் சுருங்கும், அதற்கு இடம் விடாவிட்டால் கடைசிப் பள்ளங்களில் கிழியும். 1.2 மி.மீ. இடைவெளி, 0.3 மி.மீ. ஆழம் என்றால் சுருக்கம் ஏறக்குறைய 14 விழுக்காடு. அதாவது 100 மி.மீ. நெளிதகடு வேண்டுமானால் 114 மி.மீ. தட்டைத் தகடு வெட்ட வேண்டும். முன்பின் நீளத்தில் மாற்றமே இருக்காது.

ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டி, அங்கிருந்து தொடங்கி ஒவ்வொரு பள்ளமாகப் போக வேண்டும். மூன்று சுற்று. முதல் சுற்றில் கோடு மட்டும் விழும் அளவு, இரண்டாவதில் பாதி ஆழம், மூன்றாவதில் முழு ஆழம். ஒரே அழுத்தில் முழு ஆழத்துக்குப் போனால் பக்கத்துப் பள்ளம் மேலே இழுபட்டு ஆழம் குறையும். இரண்டு சுற்றுக்குப் பிறகு தகடு இறுகத் தொடங்கும். கைக்கு விறைப்புத் தெரிந்தால் இன்னொரு முறை சோப்புத் தேய்த்து வாட்டிக்கொள்ளலாம்.

இறக்கை ஒன்றின் வெளிப்பகுதி 330 மி.மீ. மேல்தோலுக்கு நான்கு துண்டு, கீழ்த்தோலுக்கு நான்கு, ஆக இரண்டு இறக்கைக்கும் 16 துண்டு. ஒவ்வொன்றுக்கும் 104 × 150 மி.மீ. தட்டைத் தகடு. நெளித்து ஓரம் வெட்டியபின் 86 மி.மீ. அகலம் மிஞ்சும், அதில் 72 பள்ளம். மொத்தம் 1,150 பள்ளம், மூன்று சுற்றுக்கு 3,450 கீறல். நிமிடத்துக்குப் பத்து என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். கை சோர்ந்த பிறகு போட்ட துண்டு எது என்று பிறகு பார்த்தாலே தெரியும், ஆழம் ஏறி இறங்கியிருக்கும்.

துண்டும் துண்டும் சேரும் இடத்தில் ஒரு நெளிவின்மேல் ஒரு நெளிவு உட்கார வேண்டும். இறக்கை நுனியை நோக்கிக் குறுகினாலும் நெளிவு குறுகாது, சாயாது. எல்லாம் பறக்கும் திசைக்கு இணையாகவே ஓடி, முன்விளிம்பில் சாய்வாக வெட்டுப்பட்டு நிற்கும். நுனியில் பள்ளங்களை விசிறிபோல ஒடுக்கிச் சேர்த்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் தவறு.

ரிவெட் தலைகளையும் தோல் ஒட்டும் முன்பே போட்டுவிட வேண்டும். பழைய கடிகாரத்தின் சிறிய பற்சக்கரத்தை ஒரு கைப்பிடியில் பொருத்தி, உள்பக்கமிருந்து பள்ளத்தின்மேல் உருட்டினால் போதும். தையற்காரர் பயன்படுத்தும் குறிச்சக்கரத்தின் பல் இந்த அளவுக்கு மிகப் பெரிது.

உள்ளெலும்பு

அசல் இறக்கையின் உள்ளே குழாய்களைக் குறுக்குக் கம்பிகளால் பின்னியிருப்பார்கள். மாதிரியில் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. 1.5 மி.மீ. பிளைவுட்டில் 40 மி.மீ.க்கு ஒன்றாக ஒன்பது விலா, 3 மி.மீ. அலுமினியக் குழாய் நான்கு. குழாய்கள் நுனியை நோக்கி ஒடுங்கிச் சாய்ந்து போவதால் துளையை 3.2 மி.மீ.யாகப் போடுங்கள். 3 மி.மீ. துளை போட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டினால் விலா பிளக்கும்.

அசலில் வெளி இறக்கையின் ஒவ்வொரு குழாயும் நடுப்பகுதிக் குழாயோடு திருகு மரையால் இணைந்தது. இறக்கையைக் கழற்றி ரயிலில் ஏற்ற முடிந்தது இதனால்தான். மாதிரியில் முன்னும் பின்னுமாக இரண்டு குழாய்க்குள் மட்டும் பித்தளைக் கம்பி நுழையும்படி வைத்தால் போதும். நான்கையும் பொருந்தும்படி செய்யப் போனால் நான்கில் ஒன்று எப்போதும் இடிக்கும்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்சி. சூப்பர் குளூ உடனே பிடிக்கும், ஆனால் ஒரு முறை கீழே தட்டினால் கண்ணாடிபோல விட்டுவிடும். தொட்டதும் ஒட்டும் ரப்பர் பசையில் தகட்டை நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. ஒட்டும் பக்கத்தை 240 எண் உப்புத்தாளால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் ஆக்சைடு படலம் மறுபடி தடித்துவிடும்.

முன்விளிம்பு

இந்த வேலையிலேயே சிரமமான இடம் இது. இறக்கையின் மேல்வளைவு மென்மையானது. தகட்டை ரப்பர் மெத்தைமேல் வைத்து 25 மி.மீ. குழாயால் உருட்டினால் மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும். முன்விளிம்பின் ஆரம் சில மி.மீ. மட்டுமே. நெளிதகட்டை அங்கே சுற்றினால் மேடு இழுபட்டுத் தட்டையாகும், பள்ளம் மடிந்து சுருக்கம் விழும். உள்ளே கம்பி வைத்தும், பள்ளத்தில் மெழுகு ஊற்றியும் சுற்றிப் பார்த்தாயிற்று. மெழுகு கொஞ்சம் உதவியது, ஆனால் மேட்டின் உச்சி வெடித்தது.

கடைசியில் சரியாக வந்த முறை: மேல்தோலையும் கீழ்த்தோலையும் முன்விளிம்பு வரைக்கும் மட்டும் கொண்டுவந்து நிறுத்துங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வாயை அலுமினியத் தூள் கலந்த எபாக்சியால் அடைத்து, ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, உப்புத்தாளால் உருட்டி வடிவம் கொடுங்கள். பிறகு முக்கோண ஊசி அரத்தால் மேல் பள்ளத்தையும் கீழ்ப் பள்ளத்தையும் இணைத்து ஒரு பள்ளத்துக்கு மூன்று தேய்ப்பு. மேல் பள்ளமும் கீழ்ப் பள்ளமும் நேருக்கு நேர் வந்தால்தான் இது நடக்கும். ஆகவே கீழ்த்தோலை ஒட்டும்போதே மேல்தோலின் பள்ளத்தை முன்விளிம்பில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அரை நெளிவு தள்ளி ஒட்டிவிட்டால் திருத்த வழியே இல்லை, தோலைப் பிய்த்து எறிய வேண்டியதுதான்.

உடற்கூடு

இறக்கைக்குப் பிறகு இது சிறுபிள்ளை வேலை. முதுகைச் சுற்றி வளைக்கும்போது நெளிவின் எளிய திசையில்தான் வளைக்கிறோம். வாலை நோக்கிக் குறுகும் இடத்தில் தகட்டை நெருக்காமல், மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வெட்டிக் குறுக்குங்கள்.

அறையின் உள்ளே முன்னால் இரண்டு தனி இருக்கை, பின்னால் இருவர் அமரும் ஒரு பெஞ்சு. மெத்தைக்கு மெல்லிய தோல், இருக்கைப் பட்டைக்கு 1.5 மி.மீ. அகலத்தில் துணிப்பட்டை. பயணிகள் இறக்கையின்மேல் ஏறித்தான் உள்ளே போனார்கள். அதனால் கதவைத் திறந்த நிலையில் ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். விமானிகளின் தலைக்குமேல் கண்ணாடி போட்டுவிடாதீர்கள்.

தரைச்சக்கர அச்சுக்கு 2 மி.மீ. பியானோ கம்பி. தோல் மட்டுமே 100 கிராமுக்கு மேல் வரும், எலும்போடு சேர்ந்து கனக்கும். பித்தளைக் கம்பி ஒரே மாதத்தில் அகன்று உட்கார்ந்துவிடும்.

மெருகு, எழுத்து

பளபளப்பாகத் தேய்க்க வேண்டாம். வேலை பார்த்த விமானத்தின் தகடு மங்கலாகத்தான் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைத் தண்ணீரில் நனைத்து, நெளிவின் திசையில் மட்டும் லேசாக இழுங்கள். இரும்பு நார் வேண்டாம், அதன் துணுக்கு பள்ளத்தில் தங்கித் துருப்பிடித்துப் புள்ளி விழும். மேலே கிளியர் லாக்கர் அடித்தால் உலோகம் சாம்பல் நிறப் பெயிண்ட்போல ஆகிவிடும். கொஞ்சம் மெழுகு தேய்த்தாலே கைரேகை பிடிக்காது.

பதிவு எழுத்துதான் கடைசிச் சோதனை. 1934-க்கு முந்தைய ஜெர்மன் விமானங்களில் ‘டி’ எழுத்துக்குப் பின் வெறும் எண்தான் வரும். அதன் பிறகுதான் எண்ணுக்குப் பதில் எழுத்துகள் வந்தன. 1920-களின் விமானத்தில் எழுத்துப் பதிவு போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் மேட்டுக்கு மேடு கூடாரம்போல நிற்கும், மென்மையாக்கும் திரவம் நாலைந்து தடவை பூச வேண்டும். பெயிண்ட் அடிப்பதே மேல். மறைப்புத் தாளை ஒட்டி, மழுங்கிய கம்பியால் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்தி, முதலில் எழுத்தின் ஓரத்தில் மட்டும் கிளியர் லாக்கரை மெல்லிய தூவலாக ஒரு தடவை அடியுங்கள். கசிவதாக இருந்தால் அது நிறமில்லாமல் கசிந்து ஓட்டையை அடைத்துவிடும். அது காய்ந்த பிறகு கறுப்பு, இரண்டு மெல்லிய பூச்சு. தாளைப் பெயிண்ட் முழுக்கக் காயும் முன், நெளிவின் திசையிலேயே இழுத்து எடுங்கள். குறுக்காக இழுத்தால் மேட்டின் உச்சியில் இருக்கும் பெயிண்டும் சேர்ந்து வரும்.